ரத்தத்தில் நுரையீரல் புற்றுநோயைப் படிப்பது: அந்தப் பட்டியலில் நாம எங்கே இருக்கோம்?

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது நிதானமா படிங்க.

ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போறவங்க நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பார்த்திருப்பீங்க. பக்கத்திலேயே வடநெம்மேலி முதலைப் பண்ணை. அந்த வளாகத்துக்குள்ளதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு. 1978-ல் தொடங்கினது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நாலு வகைப் பாம்புகளைப் பிடிச்சு, விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டில் விட்டுடுவாங்க. நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் போடுற பாம்புக்கடி மருந்தில் பெரும்பங்குக்கு மூலப்பொருள் இங்கிருந்து போற விஷம்தான். சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்களே, அந்த மரபுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. நம்ம கடலோரத்துப் பாம்பின் விஷத்தை வெச்சு செஞ்ச மருந்து, ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் வடகிழக்கிலும் உள்ள பாம்புகளின் விஷத்துக்கு அதே அளவு வேலை செய்யலை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு 2019-ல் இருந்து இதை ஆய்வு செய்து காட்டிக்கிட்டு வராங்க. பாம்புக்கும் வட்டார வழக்கு உண்டு போல!

அதாவது, பாம்புக்கடி மருந்தில் நம்ம செங்கல்பட்டு மாவட்டம் 'மாதிரி'. மற்ற ஊர்க்காரங்க அதுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கு. நுரையீரல் புற்றுநோய் மரபணுப் பரிசோதனையில் கதை அப்படியே தலைகீழ். அங்கே வேற யாரோ மாதிரி, ஈடுகொடுக்கிறது நாம. இந்த இழை அதைப் பத்தினது.

நான் எம்.பி.பி.எஸ். படிச்ச அரசு மருத்துவமனை டாக்டர். புற்றுநோய் நிபுணர் கிடையாது. ஆனா பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு, "இதுல என்ன போட்டிருக்கு சார்?" என்று நம்ம மக்கள் முதலில் வந்து நிக்கிறது எங்க ஓ.பி.யில்தான். சமீப வருஷங்களில் அப்படி வரும் காகிதங்களில் 'லிக்விட் பயாப்ஸி' என்ற வார்த்தை எட்டிப் பார்க்குது.

அது என்னன்னு முதலில் பார்த்துடுவோம்.

நம்ம உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் செத்துக்கிட்டே இருக்கும். சாகும்போது உள்ளே இருக்கும் டி.என்.ஏ. துண்டு துண்டா உடைஞ்சு ரத்தத்தில் கலக்கும். புற்றுநோய்க் கட்டியில் இருக்கும் செல்களும் சாகும், அவற்றின் டி.என்.ஏ.வும் ரத்தத்துக்கு வரும். கையில் இருந்து ரெண்டு குழாய் ரத்தம் எடுத்து, சிவப்பணுக்களை எல்லாம் சுழற்றி அடியில் தள்ளிட்டு, மேலே நிற்கும் மஞ்சள் நீரில், அதாவது பிளாஸ்மாவில், அந்தத் துண்டுகளைத் தேடுவதுதான் லிக்விட் பயாப்ஸி. வைக்கோல் போரில் ஊசி தேடுற வேலை. ரத்தத்தில் மிதக்கும் மொத்த டி.என்.ஏ.வில் கட்டியுடைய பங்கு சிலருக்கு நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இதன் வரலாறு ரொம்பப் பழசு.

1869. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம். தாமஸ் ஆஷ்வொர்த் என்ற டாக்டர், உடம்பெல்லாம் கட்டிகள் பரவி இறந்துபோன ஒருவரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். கட்டியில் இருந்த அதே மாதிரியான செல்கள் ரத்தத்திலும் இருக்கு. ஓ, புற்றுநோய் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு எப்படிப் போகுதுன்னு இது சொல்லுமோ என்று எழுதி வைக்கிறார்.

1948. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க். மாண்டெல், மெட்டே என்ற ரெண்டு பேர் மனித பிளாஸ்மாவில், எந்தச் செல்லுக்குள்ளும் இல்லாமல், நியூக்ளிக் அமிலம் தனியா மிதப்பதைக் கண்டுபிடிக்கிறாங்க. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் சொல்றதுக்கு இன்னும் 5 வருஷம் இருக்கு! அதனால யாரும் கண்டுக்கலை. அந்தக் கட்டுரை பல வருஷம் தூங்கிச்சு.

1977-ல் லியான் என்பவரின் குழு, புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இந்த மிதக்கும் டி.என்.ஏ. அளவு அதிகம் என்று காட்டினாங்க. 1994-ல் ரெண்டு வேறு வேறு குழுக்கள், கட்டியில் இருக்கும் அதே மரபணு மாற்றத்தை ரத்தத்திலேயே பிடிச்சாங்க.

அடுத்து வந்தவர் ஹாங்காங் டாக்டர் டென்னிஸ் லோ. கட்டியின் டி.என்.ஏ. நோயாளியின் ரத்தத்தில் கலக்கும்னா, வயிற்றில் வளர்ற குழந்தையின் டி.என்.ஏ.வும் தாய் ரத்தத்தில் கலக்கணுமே என்று யோசிச்சார். நூடுல்ஸ் வேக வைக்கிற மாதிரி பிளாஸ்மாவைக் கொதிக்க வெச்சுப் பார்த்ததா அவரே சொல்லியிருக்கார். 1997-ல் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஆண் குழந்தையின் டி.என்.ஏ. இருக்கு என்று நிரூபிச்சார். இன்னிக்கு கர்ப்பிணிகளுக்கு டவுன் சிண்ட்ரோமுக்காக எடுக்கிற ரத்தப் பரிசோதனை அதில் இருந்து வந்ததுதான். 2015-ல் அமெரிக்காவில், அந்தப் பரிசோதனையில் குழந்தைக்குக் கோளாறு என்று ரிப்போர்ட் வந்த சில தாய்மார்களைத் தொடர்ந்து பார்த்தாங்க. குழந்தை நல்லா இருக்கு, தாய்க்குத்தான் அதுவரை தெரியாத புற்றுநோய்! கட்டியில் இருந்து குழந்தைக்குப் போன அறிவியல், திரும்பக் கட்டிக்கே வந்து சேர்ந்துச்சு.

சரி, நுரையீரலுக்கு வருவோம். இந்தப் பகுதிதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

2002-ல் ஜப்பானிலும் 2003-ல் அமெரிக்காவிலும் ஜெஃபிடினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. கீமோ ஊசி கிடையாது, தினம் ஒரு மாத்திரை. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே ஆகலை. ஆனா சிலருக்கு மட்டும், படுக்கையில் ஆக்ஸிஜனோடு இருந்தவங்க எழுந்து நடந்தாங்க. ஒரு ஆய்வில் ஜப்பானியர்களில் 27.5% பேருக்குக் கட்டி சுருங்கியது, மற்றவர்களில் 10.4% பேருக்குத்தான். யாருக்கு வேலை செஞ்சதுன்னு பார்த்தா பெண்கள், சிகரெட்டே பிடிக்காதவங்க, கிழக்கு ஆசியர்கள். ஏன்னு யாருக்கும் தெரியலை.

2004-ல் விடை வந்தது. பாஸ்டனில் ரெண்டு குழுக்கள், நியூயார்க்கில் ஒரு குழு. மருந்து பிரமாதமா வேலை செஞ்ச 9 பேரின் கட்டியைப் பார்த்தால் 8 பேருக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம். இன்னொரு குழு ஜப்பானியர் 58 பேரின் கட்டிகளைப் பார்த்தது, 15 பேருக்கு மாற்றம் இருந்தது. அமெரிக்கர் 61 பேரைப் பார்த்தது, ஒரே ஒருத்தருக்குத்தான்.

பதினைந்துக்கு ஒன்று! அதே நோய், அதே மைக்ராஸ்கோப் தோற்றம். ஆனா உள்ளே ஓடுற எஞ்சின் வேற.

அதே 2004 கடைசியில், உலகம் முழுக்க 1,692 பேரிடம் நடந்த ஆய்வில் அந்த மாத்திரை மொத்தத்தில் ஆயுளைக் கூட்டலை என்று முடிவு வந்தது. 2005-ல் அமெரிக்கா அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு போட்டது. யோசிச்சுப் பாருங்க. ஜப்பான் மட்டும் இடையில் இல்லாமல் இருந்திருந்தால், இந்த மருந்து அப்பவே குப்பைக்குப் போயிருக்கலாம். யாரைச் சேர்த்து ஆய்வு செய்றோம் என்பதுதான் மருந்தின் தலையெழுத்தையே தீர்மானிக்குது.

2009-ல் ஹாங்காங்கின் டோனி மோக் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பெயர் ஐபாஸ். 1,217 பேர், எல்லாரும் ஆசியர்கள், பெரும்பாலும் புகைக்காதவங்க. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவங்களில் 71% பேருக்கு மாத்திரையில் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவங்களில் 1% பேருக்குத்தான். மாற்றம் இல்லாதவங்களுக்கு இந்த மாத்திரையை முதலில் கொடுத்தால் கீமோவை விட வேகமா நோய் முற்றியது. "ஆசியப் பெண், புகைக்காதவர், அதனால கண்ணை மூடிக்கிட்டு மாத்திரை கொடு" என்ற பழக்கத்துக்கு அன்னிக்கு முற்றுப்புள்ளி. பார்த்துட்டுதான் கொடுக்கணும்.

அந்த ஆய்வில் 'ஆசியா' என்றால் எந்தெந்த நாடு தெரியுமா? சீனா, ஹாங்காங், ஜப்பான், தைவான், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ்.

இந்தியா இல்லை. இலங்கை இல்லை. பாகிஸ்தான், வங்கதேசம் இல்லை. உலக மக்கள்தொகையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இல்லாத ஆசியா!

ஆனா பாடப்புத்தகத்திலும் கருத்தரங்க ஸ்லைடிலும் "ஆசியர்களுக்குப் பாதிப் பேருக்கு இந்த மாற்றம் இருக்கும்" என்று வந்துடுச்சு. நாமும் ஆசியாதானே என்று நாமும் படிச்சோம்.

2014-ல் வந்த 'பயனியர்' ஆய்வில் இந்தியாவைச் சேர்த்தாங்க. மொத்தம் 1,482 பேர். இந்தியாவில் இருந்து எத்தனை பேர்? 72. நூறு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற நாட்டுக்கு ஒன்றரை பஸ் ஆளுங்க. முடிவு: வியட்நாமில் 64%, தைவானில் 62%, இந்தியாவில் 22%. அதுக்கு முந்தின வருஷம் மும்பை டாடா மெமோரியல் குழு 907 இந்திய நோயாளிகளைப் பார்த்து வெளியிட்டதிலும் சுமார் 23%தான். ஐரோப்பியர்களை விட அதிகம், கிழக்கு ஆசியர்களை விடக் குறைவு. நடுவில் நிக்கிறோம். அந்த 907 பேரில் இன்னொரு விஷயம்: புகைபிடிச்சவங்களிலும் சுமார் 15% பேருக்கு மாற்றம் இருந்தது. "இவர் பீடி குடிக்கிறவர், இவருக்கு எதுக்கு ஜீன் டெஸ்ட்?" என்று ஒதுக்கினால் ஏழில் ஒருத்தரை இழக்கிறோம். நம்ம கடற்கரைக் குப்பங்களில் பீடி குடிக்காத பெரியவரைத் தேடிப் பிடிக்கணும், அதனால இதை அழுத்திச் சொல்றேன்.

அடுத்தவங்க நாட்டு முடிவு நமக்குப் பொருந்தாமல் போறது இது முதல் தடவை இல்லை. மருத்துவ உலகத்தில் இதுக்கு உதாரணமா சொல்லப்படுற பெயரே நம்ம மாவட்டத்துப் பெயர்தான். 'சிங்கிள்புட் ட்ரையல்'.

1950-களில் பிரிட்டன் பள்ளி மாணவர்களிடம் பி.சி.ஜி. தடுப்பூசி சோதிச்சாங்க. டி.பி.யில் இருந்து முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோதிச்சப்போ பெருசா ஒண்ணும் கிடைக்கலை. எது சரி? தீர்த்து வைக்க 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இப்போ திருவள்ளூர் மாவட்டமா பிரிஞ்சிருக்கும் பகுதியில், உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வைத் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து, 209 பஞ்சாயத்துகளில், சுமார் 2,81,000 பேருக்கு ஊசி. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் மருந்தில்லாத ஊசி. வீடு வீடா போய் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை.

1979-80-ல் முதல் முடிவு வந்தப்போ உலகமே அதிர்ந்தது. பெரியவர்களின் நுரையீரல் டி.பி.க்குப் பாதுகாப்பு பூஜ்ஜியம். 15 வருஷம் தொடர்ந்து பார்த்த பிறகும் அதே. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் டி.பி.யின் சொந்தக்காரக் கிருமிகளோடு நம்ம மக்கள் சின்ன வயசிலேயே பழகிடுறது ஒரு காரணமா இருக்கலாம் என்று பேசினாங்க. (உடனே பி.சி.ஜி. வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க! பிறந்த குழந்தைக்குப் போடுறது மூளைக் காய்ச்சல் டி.பி., உடம்பெல்லாம் பரவுற டி.பி. வராமல் காப்பாத்தத்தான். அதில் அது நல்லா வேலை செய்யுது. கண்டிப்பா போடுங்க.)

டி.பி.யை இங்கே இழுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஊரில் நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் மாறுவேஷம் டி.பி.தான். ரெண்டு மாசமா இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல். சளியில் கிருமி இல்லைன்னாலும், "இந்த ஊரில் டி.பி.தானே இருக்கும்" என்று எங்கேயோ ஒரு இடத்தில் மாத்திரை தொடங்கிடுவாங்க. மாசங்கள் ஓடும். குணமாகலைன்னு ஸ்கேன் எடுக்கும்போது கட்டி நுரையீரல் உறையைத் தாண்டியிருக்கும். இப்படி வர்றவங்களை நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். வீட்டில் அடுப்படியைத் தாண்டாத, சவுக்கு விறகுப் புகையைத் தவிர வேற புகையே தெரியாத பெண்களும் இதில் உண்டு. "நான் சிகரெட்டே தொட்டதில்லையே டாக்டர்" என்பாங்க. உண்மைதாம்மா. வரும்.

"கல்பாக்கத்தால வந்துச்சா?" என்றும் கேட்பாங்க. மரபணுப் பரிசோதனை எந்த மாற்றம் இருக்குன்னு சொல்லும். எதனால் வந்துச்சுன்னு சொல்லாது. அதை அதுகிட்ட கேட்காதீங்க.

இவ்ளோ தாமதமா வர்றவங்களுக்கு ஊசி போட்டு கட்டியில் இருந்து சதை எடுப்பது சுலபம் இல்லை. மல்லாந்து படுக்க மூச்சு இருக்காது. பழைய டி.பி. தழும்பு நடுவில் நிக்கும். குத்தினால் நுரையீரலில் காற்று கசிய வாய்ப்பு உண்டு. எடுத்த துணுக்கும் இது என்ன வகைக் கேன்சர்னு பார்க்கவே தீர்ந்துடும், ஜீன் பார்க்க மிச்சம் இருக்காது. இங்கேதான் ரத்தப் பரிசோதனை உதவிக்கு வருது. 2016 ஜூன் மாசம் அமெரிக்காவில் இ.ஜி.எஃப்.ஆருக்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைச்சது. 2020-ல் ஒரே ரத்தத்தில் ஐம்பதுக்கு மேல், முந்நூறுக்கு மேல் ஜீன்களைப் படிக்கும் பெரிய பேனல்கள் வந்தன. வசதியான ஸ்கேன், பிராங்கோஸ்கோப்பி எல்லாம் பக்கத்தில் இருக்கும் ஊரை விட, அதெல்லாம் இல்லாத ஊருக்குத்தான் இது அதிகம் தேவை. ஆனா எங்கே கிடைக்குது? அதான் கேள்வி.

இனி அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும் என்பதைச் சொல்றேன்.

"நாட் டிடெக்டட்" என்று வந்தால் "மாற்றம் இல்லை" என்று அர்த்தம் இல்லை. "இந்த ரத்தத்தில் பிடிபடலை" என்று மட்டும்தான் அர்த்தம். கட்டி சின்னதா இருந்தால், அல்லது டி.என்.ஏ.வை ரத்தத்தில் அதிகம் விடாத கட்டியா இருந்தால், மாற்றம் இருந்தும் பத்தில் மூணு பேருக்குத் தவறிப் போகலாம். அப்போ சதைப் பரிசோதனைக்குத் திரும்பப் போகணும். "ரத்தத்தில் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு, இனி மாத்திரை கிடையாதாம்" என்று கண்ணீரோடு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்றது இதைத்தான். பாசிட்டிவ் என்று வந்தால் அதை ஓரளவு தைரியமா நம்பலாம்.

அடுத்து, டெஸ்ட் தேடுறது அதன் பட்டியலில் இருப்பதை மட்டும்தான். 2016-ல் அனுமதி கிடைச்ச அந்தப் பரிசோதனை 42 மாற்றங்களைத் தேடும். அந்த 42 எங்கிருந்து வந்துச்சு? அதுவரை ஆய்வுகளில் வந்த நோயாளிகளிடம் இருந்து. அதுக்காக அது நமக்கு ஆகாதுன்னு சொல்ல மாட்டேன், அது தப்பு. அடிக்கடி வரும் ரெண்டு பெரிய மாற்றங்கள், எக்ஸான் 19-ல் ஒரு துண்டு காணாமல் போறதும், எல்858ஆர் என்பதும், டோக்கியோவிலும் நெம்மேலியிலும் ஒண்ணுதான். சிக்கல் அபூர்வமான மாற்றங்களில். அங்கேதான் நம்ம டேட்டா பஞ்சம் கடிக்கும்.

பெரிய பேனல் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் 'பொருள் உறுதியாகாத மாற்றங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒருத்தருடைய ஜீனில் இருக்கும் எழுத்து மாற்றம் நோயா, அல்லது அந்த ஊர்க்காரங்களுக்கு இயல்பா இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதே ஊரைச் சேர்ந்த ஆரோக்கியமான ஆயிரக்கணக்கான பேரின் ஜீனோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த ஒப்பீட்டுத் தொகுப்பில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் இருக்காங்க. அமெரிக்காவில் 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. கருப்பின மக்களில் சிலருக்கு, அவங்க இனத்தில் சாதாரணமா காணப்படும் மாற்றங்களையே இதயத் தசை வீக்க நோய்க்கான மாற்றம் என்று முன்னாடி ரிப்போர்ட் கொடுத்திருந்தாங்க. ஆய்வில் கருப்பின மக்கள் போதுமான அளவு இருந்திருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது. இதன் மறுபக்கமும் உண்டு. தெற்காசியர்களில் சுமார் 4% பேரிடம் இருக்கும், இதயத்தைப் பலவீனமாக்கும் ஒரு ஜீன் துண்டிழப்பு 2009-ல்தான் முழுசா வெளிச்சத்துக்கு வந்தது. மேற்கத்தியத் தொகுப்பில் தேடினால் அது கண்ணிலேயே படாது.

வயசானவங்களுக்கு இன்னொரு குழப்பம். ரத்த வெள்ளணுக்களிலேயே வயசால் சில ஜீன் மாற்றங்கள் சேரும். பிளாஸ்மாவில் அதுவும் மிதக்கும். லேப் அதைக் கட்டியின் மாற்றம் என்று எடுத்துக்க வாய்ப்பு உண்டு. வெள்ளணுவையும் சேர்த்துப் படிக்கிற லேப்பில் இந்தத் தவறு குறையும்.

ஒரு எச்சரிக்கை. நான் பேசுறது ஏற்கனவே நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானவங்களுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் பரிசோதனை. "ஒரு துளி ரத்தத்தில் எல்லா கேன்சரும் கண்டுபிடிக்கிறோம்" என்று நல்லா இருக்கிறவங்களுக்கு விற்கிற பேக்கேஜ் வேற. இங்கிலாந்தில் 1,40,000 பேரைச் சேர்த்து அந்த மாதிரிப் பரிசோதனையைச் சோதிச்சாங்க. நம்ம ஊரில் அப்படி ஒரு ஆய்வு இல்லாமலே பேக்கேஜ் மட்டும் வந்துடும். பர்ஸைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

நம்ம மக்களை வெச்சு ஆய்வு செஞ்சா என்ன கிடைக்கும்னு கேட்டா, அதுக்கும் உதாரணம் இருக்கு. ஓஸிமெர்டினிப் என்ற புதிய மாத்திரை நல்லது, ஆனா விலை நம்ம மக்கள் கைக்கு எட்டாது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதுக்குச் சுங்க வரியை நீக்கினாங்க, அப்பவும் எட்டலை. டாடா மெமோரியலில் வனிதா நொரோனா, குமார் பிரபாஷ் குழு வேற மாதிரி யோசிச்சாங்க. விலை குறைஞ்ச பழைய ஜெஃபிடினிப்போடு சாதாரண கீமோவைச் சேர்த்துக் கொடுத்தால்? 350 இந்திய நோயாளிகள். மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்தது 8 மாசம், சேர்த்து எடுத்தவங்களுக்கு 16 மாசம். 2020-ல் உலகின் முன்னணி இதழில் வெளியானது. இந்தக் கேள்வி லண்டனில் இருக்கிறவங்களுக்குத் தோணுமா? அவங்களுக்குத் தோண வேண்டிய அவசியமே இல்லையே.

ஒப்பீட்டுத் தொகுப்பும் மெதுவா வருது. 10,000 இந்தியர்களின் முழு மரபணுவையும் படிச்ச 'ஜீனோம் இந்தியா' தரவு 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த மாசமே சென்னை ஐ.ஐ.டி. இந்தியப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. முதல் தொகுப்பு மார்பகப் புற்றுநோய், 480 நோயாளிகள். நுரையீரலுக்கும் இது மாதிரி ஒண்ணு வேணும். அதில் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முடிஞ்சவங்க மட்டும் இருந்தால் பத்தாது. குப்பத்து மீனவரும் இருளர் குடும்பமும் விறகடுப்பு அம்மாவும் இருக்கணும்.

நடைமுறையில் தடையா இருக்கிறது பல நேரம் ரொம்பச் சின்ன விஷயம். நம்ம வழக்கமான ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிச்சாகணும். இல்லைன்னா வெள்ளணுக்கள் உடைஞ்சு அவற்றின் டி.என்.ஏ. கொட்டி, கட்டியின் துண்டுகளை மூழ்கடிச்சுடும். அதுக்கென்றே வரும் தனிக் குழாயில் எடுத்தால் சாதாரண அறை வெப்பத்தில் சில நாள் தாங்கும். நெம்மேலி மாதிரி இடத்தில் எடுத்த ரத்தம் சென்னை லேப் வரை கெடாமல் போகணும்னா அந்தக் குழாய்தான் வேணும். மே மாச வெயிலில் பைக் பெட்டிக்குள் வைக்காமல் இருக்கணும், அவ்ளோதான். பெரிய மெஷின் ஊருக்கு வர வேண்டியதில்லை, குழாய் வந்தால் போதும்.

வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லிட்டாங்கன்னா, "என்ன வகை? இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. பார்த்தீங்களா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்க. பயாப்ஸி எடுத்த இடத்தில் மெழுகில் பதிச்சு வெச்சிருக்கும் துணுக்கை, அதை 'பிளாக்' என்பாங்க, கேட்டு வாங்கி ரசீதோடு பத்திரமா வைங்க. ரத்தத்தில் கிடைக்கலைன்னா அதில் பார்க்கலாம்.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறாங்க. கொடுக்கலாம். ஆனா ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்க. எதுக்கு எடுக்கிறாங்க, மிச்ச ரத்தத்தை என்ன செய்வாங்க, முடிவு உங்களுக்குச் சொல்லப்படுமா என்று கேளுங்க. கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போ வேணும்னாலும் விலகலாம். மாட்டேன்னு சொன்னாலும் உங்களுக்கு நடக்கிற சிகிச்சை நிற்காது, நிறுத்தவும் கூடாது. படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கும்போது, ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒருத்தர் சாட்சியா பக்கத்தில் இருக்கணும். பெயரன், பேத்தி யாராவது ஸ்கூல் படிச்சுக்கிட்டு இருந்தால் கூட்டிக்கிட்டு வந்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.